கலையின் பயன்பாடும் கலைஞரின் பொறுப்பும்: அல்மா றோஸே பற்றிய சில குறிப்புகள்

கலை சமூகச் சார்பற்றது என்னும் வாதத்தை மறுத்துரைப்பது நமக்குப் புதியதன்று. ஆயின், அம்மறுப்பைக் கலைஞர் ஒருவரின் வாழ்வில் வைத்துச் சோதிக்கும்பொழுது எளிய சூத்திரங்கள் போதாமற் போகின்றன. வயலின் கலைஞரும் வாத்தியக்குழு நெறியாளருமான அல்மா றோஸேயின் (1906–1944) வாழ்வு அத்தகையதொரு சோதனைக்களமாகும்.

வியன்னாவின் பூர்ஷ்வா இசைப் பண்பாட்டினது உச்சத்திற் பிறந்தவர் அவர். தந்தை ஆர்னோல்ட் றோஸே, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வியன்னா பில்ஹார்மோனிக் குழுவின் தலைமை வயலின் கலைஞர். தாய்மாமன், இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர். எனினும் அக்குழு 1997 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1932 இல் அல்மா பெண்கள் மட்டுமே கொண்ட வால்ட்ஸ் குழுவொன்றை நிறுவி ஐரோப்பிய நகரங்களிற் சுற்றுப்பயணஞ் செய்தமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

1938 இல் நாஸி ஜேர்மனி ஒஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும், யூதர் என்பதனால் தந்தை அக்குழுவிலிருந்து அகற்றப்பட்டார். பண்பாட்டுப் பெருமை எவ்விதக் காப்பையும் அளிக்கவில்லை. இருவரும் லண்டன் சேர்ந்தனர். பின்னர், வருவாய் தேடி நெதர்லாந்து சென்ற அல்மா 1940 ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது அங்கு அகப்பட்டார். பிரான்ஸ் வழியாகத் தப்ப முயன்று கைதான அவர், 1943 ஜூலையில் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கு பிர்க்கெனாவுப் பெண்கள் முகாமின் தலைமைக் காவலாளி மரியா மாண்டல் வாத்தியக்குழுவொன்றை அமைப்பித்திருந்தாள். 1943 ஓகஸ்டில் அல்மா அதன் நெறியாளரானார். காலையிலும் மாலையிலும், கட்டாய உழைப்புக்குச் செல்லும் கைதிகளின் அணிநடைக்கு ஏற்ப முகாம் வாயிலில் இசைப்பதே குழுவின் முதற்பணி. இங்கு இசை, அடிமை உழைப்பை ஒழுங்குபடுத்தும் கருவியாயிற்று.

அல்மாவின் பங்கை எவ்வாறு மதிப்பிடுவது? ஃபானியா ஃபெனெலோனின் நினைவுநூலும் (1976), அதனை ஆதாரமாகக் கொண்டு ஆர்தர் மில்லர் எழுதிய தொலைக்காட்சித் திரைப்படமும் (1980) அவரைத் தமது கலைச்செருக்கிற்கு அடிமையான கொடியவராகச் சித்திரித்தன. குழுவிலிருந்து உயிர்தப்பிய செல்லோ கலைஞர் அனிட்டா லாஸ்கர்-வால்ஃபிஷ் முதலியோர் இச்சித்திரிப்பை மறுத்துள்ளனர். இவ்விவாதம் தனிமனித குணநலன் பற்றியதாகச் சுருங்கும்பொழுது, அக்குணநலன் எந்த அதிகார உறவுகளுக்குள் இயங்கியது என்பது மறைந்துவிடுகின்றது.

பயிற்சி குறைந்தவர்களும் இருந்த அக்குழுவில் மண்டலின், கிற்றார், அக்கோடியன் எனக் கிடைத்த வாத்தியங்களே இருந்தன. அவற்றுக்கேற்ப அவர் இசைக்கோவைகளை மாற்றியமைத்தார். வாசிக்க வல்லாதார் சிலரைப் பிரதி எழுதுவோராக வைத்துக்கொண்டார். குழுவின் தரம் வீழ்ந்தால் அதனைப் பேணும் தேவையும் அதிகாரிகளுக்கு இல்லாதொழியும். உறுப்பினரின் உயிருக்கும் அதுவே முடிவாகும். எனவே, அவருடைய கடுமையான ஒழுக்கத்தை அழகியல் ஆடம்பரமெனக் கொள்ளல் பொருந்தாது. தரமே அங்கு உயிர்வாழ்வின் நிபந்தனை.

இதனாற் குழுவின் தொழிற்பாடு தூய்மையாகிவிடவில்லை. அதே இசை, வாயிலைக் கடந்து சென்ற கைதிகளுக்கு வதையாகவும் இருந்தது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்பதே இயங்கியல் நோக்காகும். இசை மானுடத்தை எந்நிலையிலும் உயர்த்தும் என்போர் இரண்டாவதை மறக்கின்றனர். அல்மாவை உடந்தையாளர் என்போர் முதலாவதை மறக்கின்றனர். தெரிவு செய்யும் உரிமை எவருக்கு இருந்தது என்று இரு சாராரும் கேட்பதில்லை.

1944 ஏப்ரிலில் அல்மா முகாமிலேயே நோயுற்று இறந்தார். அவர் நெறிப்படுத்திய பெண்களிற் பெரும்பாலானோர் போர் முடிவில் உயிருடன் இருந்தனர். அவரது கலைவாழ்வை மதிப்பிடும் எந்த விமர்சனமும் இவ்வுண்மையினின்றே தொடங்குதல் வேண்டும்.