ஊர் போய்ச் சேரும் ரயில்

வட்டமாகச் சுற்றிவரும் பொம்மை ரயிலைப் பெரியவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பது கஷ்டம். என்ஜின் எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் மூன்றாவது சுற்றில் கண் வேறெங்கோ போய்விடும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற வண்டிக்கு இறக்கிவிட ஆளும் இல்லை, ஏற்றிக்கொள்ளச் சரக்கும் இல்லை. மாடல் ரயிலைக் கலையாக வளர்த்தவர்கள் செய்த முக்கியமான காரியம் இந்த வட்டத்தை வெட்டிவிட்டதுதான் என்பது என் கட்சி.

வட்டத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம் ஆரம்பத்தில் செய்தது பொம்மை வீடுகளுக்கான தகரச் சாமான்கள். 1891இல் லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றை எட்டு வடிவத் தண்டவாளத்தோடு காட்சிக்கு வைத்தார்கள். விஷயம் ரயிலில் இல்லை, தண்டவாளத்தில் இருந்தது. அதன் அகலத்தை நிலையான சில அளவுகளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாங்கியதோடு அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாலு துண்டுத் தண்டவாளம், தடம் பிரிக்கும் ஒரு பாயிண்ட், ஒரு கைகாட்டி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். வாங்கி முடிக்கவே முடியாத ஒரு பொம்மை! சேகரிப்பாளன் என்கிற ஜீவன் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் அவனுக்குத் தீனி போட்டவர் லிவர்பூல்காரரான ஃப்ராங்க் ஹார்ன்பி. மெக்கானோ விளையாட்டுச் சாமான்களைக் கண்டுபிடித்த அதே ஆள். 1920இல் அவருடைய நிறுவனம் சாவி ரயில்களை விற்கத் தொடங்கியது. 1938இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, பாதி அளவில் ‘ஹார்ன்பி டப்ளோ’ வந்தது. அந்த முதல் வரிசையில் வந்த ‘சர் நைஜல் கிரெஸ்லி’ என்ஜின் அதன் அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் சேகரிப்பவர்கள் தலைகீழாக நிற்பார்கள். பெட்டி இல்லாவிட்டால் விலை இறங்கிவிடும். ஓடிய தடம் சக்கரத்தில் தெரிந்தால் இன்னும் இறங்கும். ஓடுவதற்காகப் பிறந்த பொருளுக்கு ஓடாமல் இருந்ததால்தான் மதிப்பு என்பது வேடிக்கையான தர்மம். இயற்கையும் இதில் ஒரு குசும்பு செய்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவை வார்ப்புகளில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டிருந்தால், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல் கண்டு, கடைசியில் பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். ஓட்டினாலும் உதிரும், ஒரு நாள்கூட ஓட்டாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் உதிரும்.

சேகரிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பழைய தகரமெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அவர்கள் ரசிப்பது பொருளை. எனக்குப் பிடித்த ரசனை ஓட்டத்தில் இருக்கிறது.

ஓட்டத்தைப் பார்க்கும் முன்னால் ஒரு பொய்யை மன்னித்துவிட வேண்டும். டப்ளோ வழியில் வந்த பிரிட்டிஷ் மாடல்களில் என்ஜினும் பெட்டியும் 76இல் ஒரு பங்கு. அப்படியானால் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பிரிட்டிஷ் தண்டவாளம் 18.83 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. ஐரோப்பாவும் அமெரிக்காவும் 87இல் ஒரு பங்கு அளவில் செய்தபோது 16.5 சரியாகப் பொருந்தியது. ஆனால் பிரிட்டிஷ் என்ஜின்கள் உருவத்திலேயே சிறியவை. அந்த அளவில் செய்தால் அன்றைய மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நேரெதிரே நின்று பார்த்தால் கால் ஒடுங்கிய ஆள் மாதிரி என்ஜின் நிற்பது தெரியும். இந்த இரண்டேகால் மில்லிமீட்டர் சொச்சத்துக்காகத் தனிச் சங்கங்கள் உண்டு. சிலர் 18இல் சமாதானம் ஆனார்கள், சிலர் 18.83 தவிர எதையும் ஒப்பமாட்டோம் என்று ஒவ்வொரு பாயிண்டையும் கையாலேயே செய்தார்கள். நம் ஊர் ரயில்களின் மாடல்களிலும் இதே கதைதான். நமது அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். இந்திய என்ஜின் மாடல்களும் பெரும்பாலும் அதே 16.5இல்தான் ஓடுகின்றன. அகலப்பாதையின் அழகே அந்தக் கால் பரப்பிய நிற்பில் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

வேகத்தில் சொல்லப்படும் பொய்யை மட்டும் நான் மன்னிப்பதில்லை. மணிக்கு 60 மைல் போகும் எக்ஸ்பிரஸ், 76இல் ஒரு பங்கு உலகத்தில் நொடிக்கு 35 சென்டிமீட்டர் போனால் போதும். 25 மைலில் ஊர்ந்து வரும் கூட்ஸ் வண்டிக்கு நொடிக்கு 15 சென்டிமீட்டர்கூட வேண்டாம். கண்காட்சிகளில் கைப்பிடியைத் திருகிவிட்டு என்ஜினைப் பறக்கவிடும் ஆட்களைப் பார்த்தால், விளம்ப காலத்தில் பாட வேண்டிய கீர்த்தனையை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பாடுகிற வித்வான் நினைவுக்கு வருகிறார். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். 100 டன் என்ஜினை 76இல் ஒரு பங்காக்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால், எடை சுமார் 226 கிராமுக்கு வந்துவிடும். மாடல் என்ஜின்களின் எடையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் வேகமும் கூடவே சுருங்கிவிடுவதால், நிஜ ரயிலை நிறுத்தமுடியாமல் இழுத்துக்கொண்டு போகும் அந்த உந்தம் இங்கே இல்லை. போதாததற்கு, மோட்டாருக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள திருகுப் பல்சக்கரம், மின்சாரம் போன கணமே சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தண்டவாளத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் வண்டி சட்டென்று நின்று, சட்டென்று பாயும். பார்த்துக்கொண்டிருப்பவனின் மனசில் அதுவரை இருந்த நூறு டன்னும் அந்த ஒரு குலுக்கலில் காணாமல் போய்விடும்.

இதற்காக மோட்டார் தண்டில் சின்னப் பித்தளைச் சுழல்சக்கரம் மாட்டினார்கள். 1990களில் டிஜிட்டல் முறை நிலைபெற்றது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்க, ஒவ்வொரு என்ஜினும் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். இல்லாத உந்தத்தை அதற்குள் இருக்கும் சில்லு நடித்துக் காட்டும். நல்ல கருவி. ஆனால் சுத்தமான தண்டவாளமும் பொறுமையான கையும் இருந்தால், பழைய 12 வோல்ட் கைப்பிடியிலேயே அந்த நடையைக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் எனக்கு முதல் ஆள் பீட்டர் டென்னி. ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார். 1940களில் அவர் தொடங்கிய பக்கிங்ஹாம் கிளைப்பாதையை வாழ்நாளெல்லாம் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நிஜத்தில் கிரேட் சென்ட்ரல் ரயில்வே என்ற நிறுவனம் பக்கிங்ஹாம் ஊருக்குப் போனதே கிடையாது. போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? முதல் உலகப்போருக்கு முந்திய ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கற்பனையைக் கடைசி வரை கணக்குப் பிசகாமல் நடத்தினார். 18 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு அன்று கடையில் ஏதும் கிடைக்காது. என்ஜின், பெட்டி, ஸ்டேஷன், கைகாட்டி எல்லாம் வீட்டிலேயே உருவாயின.

அவருடைய ரயில் வட்டமடிக்கவில்லை. ஒரு முனையில் பக்கிங்ஹாம் ஸ்டேஷன். மறு முனையில், பார்வைக்கு மறைவாக, நாலைந்து தடங்கள் கிடக்கும் வெறும் பலகை. லண்டனும் மான்செஸ்டரும் பிரிட்டனின் மிச்சம் எல்லாமும் அந்தப் பலகைதான். வண்டி அங்கிருந்து வந்து ஸ்டேஷனில் நிற்கும். என்ஜின் கழன்று, சுற்றி வந்து, மறுபக்கம் மாட்டிக்கொண்டு திரும்பிப் போகும். ஒரு பாலத்துக்கு அடியில் வண்டி மறைந்தவுடன் அது எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதாக மனம் நம்பிவிடுகிறது. பலகையின் விலையோ சில பவுண்டுகள். மாடல் ரயில் உலகில் இதைவிடச் சிக்கனமான, இதைவிடப் பெரிய யுக்தி வேறு இல்லை.

அட்டவணைப்படி வண்டிகள் ஓடும். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு, நிஜ ரயில்வேயில் போலவே, மணிச் சங்கேதத்தில் பேசிக்கொள்வார்கள். ஒரு அடி என்றால் ‘கவனி’. நாலு அடி என்றால் எக்ஸ்பிரஸ் வருகிறது, வழி உண்டா. மூன்றும் ஒன்றும் சாதாரணப் பயணி வண்டி. இரண்டு அடித்தால் வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. நம் ஊர்ச் சிறிய ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து கேட்கும் டிங்-டிங்கும் இந்த வம்சம்தான். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் புல்லரிக்கும். இந்த விளையாட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். மகன் கிறிஸ்பின் இன்னொரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாத நேரத்தில்? டென்னி ஒரு இயந்திரம் செய்தார். மணி அடித்தால் பதில் மணி அடிக்கும், வண்டியை வாங்கிக்கொள்ளும், நேரம் வந்தால் அனுப்பிவைக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆட்டோமேடிக் கிறிஸ்பின்’. மகன் என்ன நினைத்திருப்பான்!

டென்னிக்கு முன்பே ஜான் ஏஹர்ன் மேடர் வேலி என்று இல்லாத ஒரு பள்ளத்தாக்கையே படைத்துவிட்டார். ரயிலைச் சுற்றி ஊர் என்பதை மாற்றி, ஊருக்குள் ஒரு ரயில் என்று ஆக்கியதில் அவர் பங்கு பெரியது. 1961இல் அவர் மறைந்த பிறகு அது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாமில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பெண்டனைத் தொடங்கிய ராய் இங்கிலாந்து (பெயரே அதுதான்) ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் வந்தவர். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் கண் முன்னே மாறிப்போவதைப் பார்த்து, அவற்றை அட்டையிலும் நீர்வண்ணத்திலும் 76இல் ஒரு பங்காகப் பிடித்துவைக்கத் தொடங்கினார். அங்கே ஒரு குடிசைக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பார்கள். சன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே மேஜை நாற்காலிகூட இருக்கும். மகத்தான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் என் மனம் பக்கிங்ஹாம் பக்கமே சாய்கிறது. பெண்டனில் ரயில் விருந்தாளி, பக்கிங்ஹாமில் வீட்டுக்காரன்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் ஜான் ஆலனைச் சொல்லாமல் விட்டால் அமெரிக்க ரசிகர்கள் விடமாட்டார்கள். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் அவர் கட்டிய கோரி அண்ட் டெஃபீட்டட் ரயில்பாதை தரையிலிருந்து கூரைவரை மலையாக எழுந்தது. தொழிலால் புகைப்படக்காரர், கண்ணாடிகளை வைத்துத் தூரத்தைக் கூட்டவும், பளபளவென்று கடையிலிருந்து வந்த வண்டிக்குத் துருவும் கரியும் மழைக்கறையும் பூசவும் அவருக்குத் தெரியும். யார்டில் பெட்டிகளை இழுக்க ஒரு ஸ்டெகோசாரஸை வைத்திருந்தார், பெயர் எம்மா. 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களுக்குள் தீ விபத்தில் எல்லாம் எரிந்து போனது. படங்கள் மிஞ்சின.

ஆலன் ‘டைம்சேவர்’ என்று ஒரு ஷண்டிங் புதிரும் வைத்தார். கடிகாரத்தை எதிர்த்து விளையாட வேண்டியது. எனக்குப் பிடிக்காததும் அந்தக் கடிகாரம்தான். இங்கிலாந்தின் ஆலன் ரைட் அமைத்த இங்கிள்னூக் சைடிங்ஸ் பல படி மேல். இரண்டே பாயிண்ட், மூன்று கிளைத்தடம். ஒன்றில் ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. வேகன்களை முன்னும் பின்னும் இழுக்கும் தடத்தில் என்ஜினோடு மூன்று வேகன் நிற்கலாம், நாலாவதற்கு இடமில்லை. மொத்தம் எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, விழுந்த வரிசைப்படியே நீளமான தடத்தில் கோத்து நிறுத்த வேண்டும். சிக்கல் முழுவதும், இல்லாத அந்த நாலாவது இடத்தில்தான் இருக்கிறது. நாலடிப் பலகை, ஒரு சின்ன டேங்க் என்ஜின், கொக்கி மாட்ட வளைத்த கம்பி ஒன்று போதும். ஐந்து வேகனுக்கு 6,720 வரிசைகள் வரும். தினம் ஒன்று போட்டாலும் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாவிட்டால்.