கருணை அடிப்படையில்

எங்கள் சாலவாக்கம் பக்கம் ‘கருணை அடிப்படை’ என்கிற சொற்சேர்க்கை எல்லோருக்கும் தெரியும். அரசு வேலையில் இருந்தவர் பணிக்காலத்தில் இறந்துபோனால் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை அது. “அவரு செத்தாத்தான் இவனுக்கு வேலை” என்று வெகு சாதாரணமாகச் சொல்வார்கள். ஸ்டேன் சாமி வழக்கின் ஜாமீன் உத்தரவுகள் பற்றி வாசித்தபோது இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

2020 மார்ச் 23 அன்று, சிறைகளில் கொரோனா பரவும் என்று அஞ்சிய உச்சநீதிமன்றம், யாரை வெளியே விடலாம் என்று முடிவுசெய்ய மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கச் சொன்னது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதை ஓர் உதாரண அளவுகோலாகத் தந்தது. மகாராஷ்டிரக் குழு ஊபா போன்ற சிறப்புச் சட்டக் கைதிகளை விலக்கியது. விலக்கப்பட்டவர்கள் உள்ளேயே இருந்தார்கள். கிருமி நுரையீரலைப் பார்க்கிறது, குழு பிரிவு எண்ணைப் பார்க்கிறது. நோயை முன்னிட்டுத் தொடங்கிய சொல்லாடலில் உடல் காணாமல் போய்க் குற்றப்பத்திரிகை மட்டும் மிஞ்சுகிறது. (இதைச் சொல்ல ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை.) பக்கத்து உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகூட 35க்கு மேல், 70க்குள் என்று வயதைக் கணக்கில் எடுத்தது. இங்கே 83 வயது கணக்கிலேயே வரவில்லை.

திருச்சி மாவட்டத்துக்காரரான சாமி 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானார். பார்க்கின்சன் நோய். கை நடுங்குது, தம்ளரைப் பிடிக்க முடியல என்று உறிஞ்சுகுழாய் கேட்டார். பதில் சொல்லவே தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் கேட்டது. 2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம், சமூகத்தின் கூட்டு நலன் இவருடைய தனிமனிதச் சுதந்திரத்தைவிடப் பெரியது, முதுமையும் நோயும் சாதகமாகா என்றது. எந்தச் சமூகம்? மே 21 அன்று காணொளியில் உயர்நீதிமன்றத்திடம், ஆஸ்பத்திரி வேண்டாம், என் ஜனங்களோடு இருக்க விடுங்கள் என்றாரே, அந்த ஜனங்கள் இதில் சேர்த்தியா இல்லையா?

சட்டம் நீதிபதிகளின் கையைக் கட்டிவிட்டது என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதே ஊபா, அதே வழக்கு, அதே பம்பாய் உயர்நீதிமன்றம். 2021 பிப்ரவரியில் வரவர ராவுக்கு ஆறு மாத மருத்துவ ஜாமீன் கிடைத்தது, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சொல்லி. ஆக, உடலைப் பார்க்க வழி இருந்தது. பார்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்த அமர்வின் மனசைப் பொறுத்ததாக இருந்தால், அது உரிமையாகாது. ராஜா படியளப்பதுதான்.

2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த வேளையில், சாமி இறந்துபோன செய்தி நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. 19ஆம் தேதி நீதிபதி ஷிண்டே, அருமையான மனிதர், அவர் பணியின்மீது மிகுந்த மதிப்புண்டு என்றார். முகமை ஆட்சேபித்தது. 23ஆம் தேதி அந்தச் சொற்களை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.