மரினா சிட்டி: வடிவமும் வாழிடமும்

சிகாகோ ஆற்றின் வடகரையில் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வடிவமைத்த மரினா சிட்டியின் இரட்டைக் கோபுரங்கள் பெரும்பாலும் சோளக்கதிர் உவமையுடனேயே பேசப்படுகின்றன. அவ்வுவமை கட்டடத்தின் சமூக நோக்கை மறைத்துவிடுகிறது. 1950களில் நடுத்தர வர்க்கத்தினர் புறநகருக்குப் பெயர்ந்தனர். நகர மையத்திலேயே அவர்களைத் தக்கவைக்கும் பொருட்டுக் கட்டடப் பணியாளர் தொழிற்சங்கம் இதற்கு முதலீடு செய்தது. அலுவலகம், அரங்கு, படகுத்துறை யாவும் ஒரே வளாகத்தில் அமைந்தன. மையத் தண்டிலிருந்து இதழ்களாய் விரியும் அறைகள் வளைந்த மாடங்களில் முடிகின்றன. செங்கோணத்தைத் துறந்த அத்துணிவு பாராட்டுக்குரியதே. ஆயினும் 65 தளங்களில் கீழுள்ள 19 தளங்கள் கார்களுக்கு ஒதுக்கப்பட்டன. புறநகருக்கு மாற்றாக எழுந்த கட்டடம் புறநகரின் ஊர்தியைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட இம்முரண் போதிய அளவு ஆராயப்பட வேண்டியது. 1977இல் வாடகை வீடுகள் தனியுடைமைகளாயின. 2016இல் வழங்கப்பட்ட நகரச் சின்னத் தகுதி கோபுரங்களின் வடிவத்தைக் காக்கிறது. தொழிற்சங்கத்தின் வாடகைக் குடியிருப்புத் திட்டம் அதற்கு முன்பே மறைந்துவிட்டது.