அங்கியா, கவசமா? பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மந்திரவாதியின் உடை

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மந்திரவாதிக்குக் கவசத்தை முற்றிலும் மறுத்தது. ஆயுதமாகக் குத்துவாளை மட்டுமே அனுமதித்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இத்தடையை விலையாக மாற்றியது. தோல் கவசம் அணிந்தால் மந்திரம் தவறும் வாய்ப்பு 10 விழுக்காடு. முழுத் தகட்டுக் கவசத்திற்கு 35 விழுக்காடு. கையசைவுகளைக் கவசம் தடுக்கும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். ஆயின் அதே பதிப்பில் சமயகுரு கவசம் பூண்டு, கையசைத்தே மந்திரம் செலுத்துகிறார். அவருக்கு இத்தண்டம் இல்லை. எனவே கையசைவு என்பது பின்னர்ப் பொருத்தப்பட்ட விளக்கமே. போர்வீரனின் இடத்தைக் காப்பதே விதியின் உண்மைப் பணி எனலாம்.

2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ வேறு வழியைக் காட்டுகிறது. அங்குக் கவசம் மந்திரத்தைத் தடுப்பதில்லை. ஆனால் உரிய திறனைப் பெற்ற மந்திரவாதி கவசமின்றி நின்றால் அவரது காப்பு மந்திரங்கள் வலுப்பெறுகின்றன. தடை நீங்கிய இடத்தில் அங்கி ஒரு தேர்வாகிறது. அங்கி நிலைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிவு. எனினும் அது விலக்கினால் அன்றி ஊக்கத்தினால் நிலைக்க வேண்டும். கவசம் அணிய இயன்றும் அணியாத பாத்திரத்தின் உடையே அதன் பண்பை உணர்த்தும்.