குடுமியான்மலையில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்

"தரவை எளிய உரைக் கோப்பில் வை, நூறு வருஷம் கழிச்சும் திறக்கும்" என்று சொல்பவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன். என் கணக்கு வழக்கு, புத்தகப் பட்டியல், கல்வெட்டுக் குறிப்புகள் எல்லாமே நோட்பேடில் திறக்கக்கூடிய கோப்புகள்தான். ஆனால் இந்தக் கொள்கையில் பாதிதான் உண்மை என்று சமீப காலமாகத் தோன்றுகிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் உள்ள இசைக் கல்வெட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கிரந்த எழுத்து, எழுத்தமைதியை வைத்து 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதை ஒரு தரவுக் கோப்பாக நினைத்துப் பாருங்கள். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பாக ஒரு ராகத்தின் பெயர். கீழே ஸ்வரங்கள், நான்கு நான்காகப் பிரித்து வரிசையாக. கடைசியில் ஒரு முடிவுரை: ருத்ராசாரியாரின் மாணவனான, சிவபக்தனான ஒரு அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று. தலைப்பு, பிரிப்பான், சம அளவுக் கட்டங்கள், நோக்கம் எல்லாமே இருக்கிறது. இதைவிட ஒழுங்கான உரைக் கோப்பை நான் கண்டதில்லை.

சரி, இன்றைக்கு அதை யாராவது பாடிக் காட்ட முடியுமா? அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, எ என்று உயிர் மாறி வருகிறது: ர, ரி, ரு, ரெ என்பதுபோல. சில எழுத்துகளின் மேல் புள்ளியும் உண்டு. எபிகிராஃபியா இந்திகா 12ஆம் தொகுதியில் பி.ஆர். பண்டார்கர் இதைப் பதிப்பித்ததிலிருந்து, இந்த உயிர் மாற்றம் எதைக் குறிக்கிறது என்று பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுருதி வேறுபாடு என்கிறார் ஒருவர், வீணையை மீட்டும் முறை என்கிறார் இன்னொருவர். அரசன் பெயரையும் எழுதாமல் விட்டதால், மகேந்திரவர்மனா இல்லையா என்ற வழக்கும் தீரவில்லை.

எழுதியவர்களுக்கு இது அலட்சியம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாணவனுக்கு 'ரு' என்றால் என்னவென்று தெரியும். அரசன் யார் என்றும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை யார் கல்லில் வெட்டுவார்கள்? அப்படி விட்டதுதான் முதலில் தொலைந்தது. கல் தேயவில்லை, அந்தக் கல்லை விளக்கும் குறிப்பு மட்டும் இல்லாமல் போய்விட்டது.

கணினிக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கல்லில் எழுத்தாவது தெரிகிறது. 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கிய காலத்தில் யூனிகோட் தமிழ் நம் கணினிகளுக்கு வந்து சேரவில்லை. திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம், எழுத்துருவுக்கு ஒரு கணக்கு. மதுரைத் திட்டத்தார் தங்கள் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்கள், அதனால் அவை பிழைத்தன. அப்படி மாற்றாமல் விட்ட கோப்புகள் நம் பழைய சிடிக்களில் கிடக்கின்றன. அவையும் 'எளிய உரை'தான். திறந்தால் கேள்விக்குறியும் கொக்கியுமாக வருகிறது. எந்த எழுத்துரு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம்.

இனி என் சொந்தக் கதை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பிலிருந்து பாண்டியர் காலத்தவற்றை நானும் ஒரு நண்பரும் பட்டியலிட்டோம். பாண்டியர் கல்வெட்டில் ஆட்சியாண்டு சில இடங்களில் இரண்டு எண்ணாக வரும், 'ஏழாவதின் எதிர் ஐந்தாவது' என்கிற மாதிரி. இதை நாங்கள் 7-5 என்று விரிதாளில் தட்டினோம். அது நைசாக மே 7 ஆக்கிவிட்டது. நண்பர் கணினியில் மாதம் முதலில் வரும் அமைப்பு. அங்கே அதே எண் ஜூலை 5. இரண்டாவது எண்ணும் முதல் எண்ணும் 12ஐத் தாண்டியவை மட்டும் மாறாமல் நின்றதால், பட்டியலைப் புரட்டியபோது கண்ணில் படவே இல்லை. பிறகு இரண்டு பேர் வேலையையும் ஒன்றாக்கி, பெருமையாக சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தோம்.

மே 7 என்பது 7-5ஆ, 5-7ஆ? கூட்டினால் இரண்டும் 12தான், ஆனால் கல்லில் இருப்பது ஒன்றுதான். மறுபடி புத்தகத்தை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. உரைக் கோப்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது: தப்பைத் தப்பாகவே பத்திரமாக வைத்திருந்தது.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் வராமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்தவை சி.எஸ்.வி. கோப்புகள்தான். அவற்றை 65,536 வரிகளுக்கு மேல் தாங்காத பழைய விரிதாள் வடிவத்தில் ஏற்றியதில் மிச்சம் உதிர்ந்துவிட்டது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவோ, விரிதாள் தேதியாக மாற்றிவிடுகிறதே என்று அதே ஆண்டு சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது.

அப்படியானால் உரைக் கோப்பு வேண்டாமா? வேணும். அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. அந்த 1929 தொகுப்பையே பாருங்கள். 1948இல் சமஸ்தானமே இல்லாமல் போனது. அது கொடுத்த வரிசை எண்களைச் சொல்லித்தான் இன்றும் ஆய்வாளர்கள் கல்வெட்டுகளைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு எண், ஒரு கல்வெட்டு, பிறகு அந்த எண்ணை மாற்றவே இல்லை. இவ்வளவு எளிய ஒழுங்குதான் நிலைத்தது.

ஆகவே நான் குறை சொல்வது கோப்பை அல்ல, "எளிய உரை, ஆகவே நிலைக்கும்" என்கிற அந்த 'ஆகவே'யை. இப்போது என் பட்டியலில் ஆட்சியாண்டுக்கு ஒரு பத்தி, எதிராண்டுக்கு ஒரு பத்தி. கோப்பின் தலையில் நாலு வரி: குறியாக்கம் யூடிஎஃப்-8, பிரிப்பான் டேப், ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள், தட்டியவர் யார். கடைசி வரியை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, இதெல்லாம் எனக்கே தெரியுமே என்று. குடுமியான்மலை அரசனும் அப்படித்தான் நினைத்திருப்பார்.