கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

"குளிக்காமல் யார் இருக்கப் போகிறார்கள்? துணி துவைக்காமல் யார் இருக்கப் போகிறார்கள்? இந்துஸ்தான் யூனிலீவரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போடுங்கள்." பங்குச்சந்தை மேடைகளில் இந்த வசனத்துக்கு இன்னும் கைதட்டல் குறையவில்லை.

நல்ல கம்பெனிதான், மறுக்கவில்லை. பெரிய கடன் கிடையாது. சரக்கு கொடுத்தவருக்குப் பணம் போவதற்கு முன்பே விற்ற காசு வந்துவிடும். டிவிடெண்டும் தவறாது. 2023இல் தாய்க் கம்பெனியான யூனிலீவர் தன் ராயல்டியை விற்பனையில் 2.65 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.45 சதவீதமாக உயர்த்திக்கொண்டதே, அதைக்கூட விட்டுவிடுகிறேன்.

என் சண்டை விலையோடு. அந்தப் பேச்சில் வராத ஒரே சொல்லும் அதுதான். ஒரு ரூபாய் லாபத்துக்கு அறுபது ரூபாய் கொடுத்துப் பலர் இந்தப் பங்கை வாங்கினார்கள். லாபம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வளர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏழாண்டில் அது ஏறக்குறைய இரட்டிக்கும். அதற்குள் சந்தை அறுபது மடங்கிலிருந்து முப்பதுக்கு இறங்கினால் பங்கு புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். கம்பெனி ஜெயித்திருக்கும்; நீங்கள் தோற்றிருப்பீர்கள்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 2000ஆம் ஆண்டின் உச்சத்தில் இதே கம்பெனியை, அன்றைய பெயரில் இந்துஸ்தான் லீவரை, வாங்கியவர், 2010 தொடங்கும்போதும் போட்ட விலையை எட்டவில்லை. அதே காலத்தில் சென்செக்ஸ் மூன்று மடங்கானது. நடுவே 2004இல் போட்டிக் கம்பெனியான பி அண்ட் ஜி தன் ஏரியல், டைடு சலவைத்தூள்களின் விலையை வெட்ட, லீவரின் சர்ஃபும் இறங்கிவர வேண்டியதாயிற்று. அந்தப் பத்தாண்டில் நாடு குளிப்பதை நிறுத்தவில்லை.

"பொறுத்திருங்கள், நீண்ட கால முதலீடு" என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும் காலம் நீண்டதில்லையா? எல்லார் வீட்டிலும் சோப்பு இருக்கிறது என்பதைப் பலமாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே சோப்பு இருக்கும் வீட்டில் இரண்டாவது சோப்பை யாருக்கு விற்பது? தேவை நிலையானது என்பதும் வளர்ச்சி மெதுவானது என்பதும் ஒரே செய்திதான். மெதுவாக வளர்வதற்கு வேகமாக வளர்வதன் விலையைக் கேட்பது வியாபாரம், கொடுப்பது ஏமாளித்தனம்.

பத்து ரூபாய் சோப்பில் எடையைக் குறைத்துவிட்டார்களா என்று உறையைத் திருப்பிப் பார்க்கிறோம். அந்தச் சோப்புக் கம்பெனியையே வாங்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூட வேண்டும்?