பூட்டும் இடாப்பும்

யாரை நம்பலாம், யாருக்கு அஞ்சவேண்டும் என்ற தீர்ப்பு ஒவ்வொரு மென்பொருளின் வரைபடத்துள்ளும் அடங்கியிருக்கிறது. ஆகவே இலக்கியத்தைப் போல அதுவும் சமுதாய விமர்சனத்துக்கு உரியதே.

1999இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் உருவான ‘ஸ்ட்ரைட்’ முறை, பாதுகாப்பு அபாயங்களை ஆறாக வகுத்தது. செய்ததைச் செய்யவில்லையென ஒருவர் மறுத்தல் அவற்றுள் ஒன்று. எனவே மறுக்கவியலாதபடி பதிந்து வைப்பதே அம்முறைக்கு நற்பண்பு. பெல்ஜியத்து லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர் பின்னர் வகுத்த ‘லின்டன்’ முறையோ, தனியுரிமை அபாயங்கள் ஏழனுள் அந்த மறுக்கவியலாமையையும் சேர்த்தது. சிதறிய தகவல்களை இணைத்தல், ஆளை இனங்காணல், ஒருவரைப் பற்றிய பதிவு உண்டென்று அறிதல் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வன்னி மக்களுக்கு விரிவுரை வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் காடையர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்குரிமைக்காகப் பதிந்த முகவரியே தமிழர் வீட்டைக் காட்டிக்கொடுத்தது. இடாப்பு மெய்யாக இருந்தமையே தீங்காயிற்று. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் வவுனியா மெனிக் பாமில் இருந்தனர். புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோர் 11,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒருவரது கோவையை எவரும் திறந்து வாசிக்கவேண்டியதில்லை. அப்படியொரு கோவை உண்டென்று தெரிந்தாலே வேலை தருபவர் தயங்குவார். அக்கோவையின் பூட்டை உடைத்த திருடன் எவனுமில்லை. மக்கள் அஞ்சியது சாவியை வைத்திருந்தவருக்கே.

திருடனை மட்டும் தேடாது, தகவல் செல்லும் வழி முழுவதையும் ஆராய்வது லின்டனின் சிறப்பு. ஆனால் அதன் கேள்விகளுக்கு விடை எழுதுபவர் வடிவமைப்பாளரே, பதியப்பட்டவர் அல்லர். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தாக்க மதிப்பீட்டைக் கோருகிறது. தேசிய பாதுகாப்பின் பெயரால் விலக்குகளுக்கும் இடமளிக்கிறது. வன்னியின் அச்சம் முழுவதும் அவ்விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. இந்திய உதவியுடன் திட்டமிடப்பட்ட டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கைரேகையும் முகப்படமும் சேர்க்கப்படும் காலத்தில் இது சிறு விடயமன்று.

கிளிநொச்சிப் பொறியியற் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி பயிலும் நம் மாணவர், தகவலை எவ்வாறு பூட்டுவது என்று கேட்குமுன், எதைச் சேர்க்காதிருக்கலாம் என்று கேட்கப் பழகவேண்டும். அக்கேள்விக்கு விடை காணும் மேசையில், இடாப்பால் துன்புற்றவர்க்கும் ஓர் ஆசனம் வேண்டும். அஃதில்லாத பாதுகாப்பை மக்கள் பாதுகாப்பென நாம் ஏற்பதற்கில்லை.